ஒரு நாவலும் அதன் பதிலும்

பாரத தத்துவ சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதிய மகாபண்டிதர் சுரேந்திரநாத் தாஸ்குப்தா, 1930-இல் தமது கல்கத்தா கிருகத்திலேயே தங்கிப் பயிலும்படி ருமேனிய வாலிபர் மிர்ச்சா எலியாடேக்கு இடமளித்தபோது, தத்துவம் கற்க வந்த சிஷ்யர் தம் புதல்வி மைத்ரேயியிடம் பிரேமை கொள்ளக்கூடுமென்று பிரம்ம சூத்திரத்துக்குப் பாஷியம் கண்ட எந்த ஆசாரியரும் அவரை எச்சரித்திருக்கவில்லை. விஷயம் அம்பலமாயிற்று, சிஷ்யர் வெளியேற்றப்பட்டார், சுதேசம் திரும்பி 1933-இல் நாவலாக்கினார்.

குடும்ப ரகசியத்தைக் காப்பதில் அவருக்கிருந்த சிரத்தையை என்னென்பது! கதாநாயகனுக்கு ஆலன் என்று நாமகரணம் செய்து தம்மை மறைத்துக்கொண்டார். தத்துவப் பேராசிரியரை எஞ்சினீயராக்கி அவரையும் மறைத்தார். மைத்ரேயியின் பெயரை மட்டும் மறைக்காமல், அதையே நூலின் தலைப்பாகவும் சூட்டி, அவள் இரவில் அறைக்கு வந்ததாகவும் வர்ணித்துவிட்டார். ருமேனியா பரிசளித்துக் கொண்டாடிய அந்நூலின் முழு விவரம் சம்பந்தப்பட்ட அம்மையாருக்கு எட்ட ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின.

அவரும் 1974-இல் ‘ந ஹன்யதே’ என்ற வங்க நாவலால் பதிலளித்து, சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். அதில் தமக்கு அமிர்தா என்று பெயரிட்டுக்கொண்டு, மிர்ச்சாவை மிர்ச்சாவாகவே விட்டுவைத்தவர், அந்த இரவு விஜயங்களை வெறும் கற்பனையென்று மறுத்தாரேயன்றி, காதலை மறுக்கவில்லை.