பச்சை மேஜைக் கேள்விகள்

(தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி வட்டார வாசகர்கள் இந்த வாரம் ஸ்னூக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் பிடித்த விஷயம் என்பதால் இடம் முழுவதும் அதற்கே.)

டயர் தொழிற்சாலை ஊழியர், தேர்வாய் கண்டிகை: செல்போனில் ஸ்னூக்கர் பார்த்தால், "வெள்ளைக்காரன் விளையாட்டு உனக்கெதற்கு?" என்கிறார் சூப்பர்வைசர். என்ன பதில் சொல்வது?

"சார், அதற்குச் சட்டம் எழுதியதே ஊட்டியில்தான்" என்று சொல்லுங்கள். 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் கூடுதலாகச் சில நிறப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) ஆப்கன் போரில் காயம்பட்ட பிறகு, சென்னை ராணுவத்தின் தளபதி ராபர்ட்ஸிடம் பணிக்கு வந்தார். கோடை வந்தால் ராணுவத் தலைமையே ஊட்டிக்கு ஏறிவிடும். பந்துகளும் கூடவே ஏறின. 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளை எழுதி மாட்டினார்கள். கண்டுபிடித்தவர் வெள்ளைக்காரர்தான். ஆனால் ஆட்டம் பிறந்தது இங்கே, வளர்ந்தது நம் நீலகிரியில்.

இன்னொன்றும் சொல்லுங்கள். பந்து மோதித் திரும்பும் ஓரத்துக்குப் பெயர் குஷன். லண்டனில் தர்ஸ்டன் என்ற மேஜைக்காரர் 1845 வாக்கில் அதில் வல்கனைஸ் செய்த ரப்பரை வைத்தார். அதற்கு முன்பிருந்த ரப்பர் குளிர்காலத்தில் கல்லாக இறுகிவிடும். அப்படி ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும் வேலை உங்கள் ஷிப்டில் தினமும் நடப்பதுதானே?

ஒரு சூப்பர்வைசர், கவரைப்பேட்டை: ஊட்டியில் வளர்ந்தது என்றால், ஊட்டிக்காரர்கள் ஏன் வரிசையாகச் சாம்பியன் ஆகவில்லை?

கதவு பூட்டியிருந்தது, ஐயா. முழு அளவு மேஜை 12 அடிக்கு 6 அடி. துணிக்கு அடியில் கற்பலகை. மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். கிரிக்கெட் மாதிரித் தெருவில் ஸ்டம்ப் நட்டு ஆட வழியில்லை. மேஜை இருந்த கிளப்புக்குள் இந்தியர் போக முடிந்தது பெரும்பாலும் வேலைக்காரராகத்தான். மெம்பருக்குக் கியூ என்ற ஆட்டக்கோலை எடுத்துக் கொடுத்து, பந்து அடுக்கி, ஸ்கோர் ஏற்றியவருக்கு மார்க்கர் என்று பெயர். ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். வாழ்நாளெல்லாம் போர்டில் அடுத்தவர் ஸ்கோரையே ஏற்றினார்கள். நம் ஸ்னூக்கர் வரலாற்றில் எழுதப்படாத பக்கம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரி மாணவர், கும்மிடிப்பூண்டி: தேசிய அமெச்சூர் ஸ்னூக்கரில் யார் யார் ஜெயித்தார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்க மனம் வரவில்லை. தேசிய பில்லியர்ட்ஸ் போட்டி 1931-ல் தொடங்கியது. ஸ்னூக்கர் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. 1940-களில் டி. ஏ. செல்வராஜ் என்ற பெயர் பட்டியலில் மின்னுகிறது. பிறகு வில்சன் ஜோன்ஸ் காலம். ஸ்னூக்கரில் 1948, 1952, 1954, 1958, 1960 என ஐந்து முறை தேசியப் பட்டம். பில்லியர்ட்ஸில் 12 முறை. 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். எந்தத் தனிநபர் விளையாட்டிலும் இந்தியர் ஒருவர் உலக சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை. பள்ளிக்கூடத்தில் இதை நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியும் 1963-ல் அதே கல்கத்தாவில்தான் தொடங்கியது. வென்றவர் இங்கிலாந்தின் கேரி ஓவன். அந்தக் கோப்பை ஓர் இந்தியர் கைக்கு வர 1984 ஆனது: டப்ளினில் ஓம் பிரகாஷ் அகர்வால். அடுத்து 2003-ல் சீனாவில் பங்கஜ் அத்வானி, 18 வயதில். அவர் இன்னும் கியூவைக் கீழே வைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் இந்தூரில் ஆடவர் ஸ்னூக்கர் பட்டம் வென்றபோது அது அவருக்கு 36-வது தேசியப் பட்டம்.

குடும்பத் தலைவி, ஊத்துக்கோட்டை: அமெச்சூர் என்கிறீர்கள். அப்படியானால் இவர்களுக்குச் சாப்பாடு?

வீட்டுக் கணக்குப் பார்ப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்! வேலை கொடுத்து ஆடவைத்த நிறுவனங்கள் சோறு போட்டன. தேசியப் போட்டியில் மாநிலங்களோடு ரயில்வேயும் பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியமும் தனி அணிகளாக இறங்கும். அத்வானி ஓ.என்.ஜி.சி. ஊழியர்.

விவசாயி, மாதர்பாக்கம்: வேட்டியோடு ஸ்னூக்கர் ஆடலாமா?

கிளப்புக்குள் தாராளமாகப் போகலாம். வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் தடுத்ததால், 2014-ல் சட்டமன்றமே சட்டம் போட்டுவிட்டது. போட்டி என்றால் அங்கே உடை விதி உண்டு. பழகும்போது மடித்துக் கட்டுங்கள். தூரத்துப் பந்துக்கு ஒரு காலைத் தூக்கிச் சாய வேண்டியிருக்கும்.

பிளஸ் டூ மாணவி, பொன்னேரி: ஸ்னூக்கர் பார்லர் பக்கம் போனால் வீட்டில் திட்டு விழுகிறது.

சூதாட்ட இடம் என்ற பயம் அப்பா அம்மாவுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல இடமா என்று அவர்களையே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூடவே ஒரு பெயரையும் சொல்லுங்கள்: சென்னையின் அனுபமா ராமச்சந்திரன். 2025 நவம்பரில் தோஹாவில் உலக அமெச்சூர் மகளிர் ஸ்னூக்கர் பட்டம். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர், தொழில்முறையில் மூன்று முறை உலக மகளிர் பட்டம் வென்ற ஹாங்காங்கின் இங் ஆன் யீ. இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் கடைசி ஃபிரேமை 68–60 என்று எடுத்தார். எட்டுப் புள்ளி வித்தியாசம். கறுப்புப் பந்தின் ஏழுக்கு மேல் ஒன்றே ஒன்று! இந்த வயதில் அந்த நிதானத்தை வேறு எந்த டியூஷன் சென்டர் சொல்லித்தரும்?

ஊர்ப் பெரியவர், தேர்வாய் கண்டிகை: எங்கள் ஊருக்குச் சிப்காட் வந்தது, 2020-ல் நீர்த்தேக்கமும் வந்தது. ஸ்னூக்கர் மேஜை வருமா?

வர வேண்டும். மாடு மேய்ந்த நிலம் தொழிற்பூங்காவானதை எதிர்த்து உங்கள் ஊர் பல ஆண்டு போராடியது. நீர்த்தேக்கத்தின் 500 மில்லியன் கன அடித் தண்ணீர் சென்னையின் தாகத்துக்கு. இவ்வளவு கொடுத்த ஊருக்குத் தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு மனமகிழ் மன்றம் கட்டித் தருவது பெரிய செலவல்ல. கேட்கும்போது இரண்டு நிபந்தனை போடுங்கள். ஷிப்ட் தொழிலாளிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகள் உட்பட, ஒரே நேர அட்டவணை. மன்றத்தின் சாவி ஒன்று ஊர் கையில். மனுவில் அறையின் அளவை மறக்காமல் எழுதுங்கள்: குறைந்தது 22 அடிக்கு 16 அடி. அதற்குக் குறைந்தால் கியூ சுவரில் இடிக்கும்.