டூட்டியை மாற்றலாம், தூக்கத்தை மாற்ற முடியாது!

வில்லியனூர் வழியாகப் போகும் ரயிலை இன்று யார் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்வது யார்?
*கல்லூரி மாணவி, வில்லியனூர்*

கணினி கணக்குப் பார்க்கும், மனிதர் கூப்பிடுவார். ரயில்வேயின் ‘கிரிஸ்’ அமைப்பு உருவாக்கிய மென்பொருள் சி.எம்.எஸ். யார் எப்போது இறங்கினார், ஓய்வு முடிந்ததா, மருத்துவப் பரிசோதனைத் தேதி தாண்டிவிட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். டூட்டிக்கு வருகிறவர்கள் பதிவு செய்யும் இடமான லாபியில் வந்து ஊதிக் காட்டி, மது இல்லை என்று தெரிந்த பிறகுதான் சைன் ஆன், அதாவது டூட்டிப் பதிவு.

நாத்தனார் மகளுக்கு ஞாயிறு காலை காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். என் கணவர் லோகோ பைலட். அன்று காலை 6 மணிக்கு டூட்டி. நண்பர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தும் லாபியில் முடியாது என்கிறார்கள். ஏன்?
*வாசகி, கரியமாணிக்கம்*

நண்பர் முதல் நாள் எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்று பாருங்கள், அம்மா. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ டூட்டி பார்த்து வந்தவருக்குச் சொந்த ஊரில் 16 மணி நேர ஓய்வு உண்டு. சனி இரவு 10 மணிக்கு சைன் ஆஃப் ஆனால், ஞாயிறு மதியம் 2 மணி வரை அவரை டூட்டியில் ஏற்றக் கூடாது. சனி மதியம் 2 மணிக்குள் இறங்குகிற, அதே பாதை தெரிந்த ஒருவரைத் தேடச் சொல்லுங்கள். இருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்கட்டும். மாமன் மடி கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசையும்.

லாபிக்குச் சொல்லாமல் நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டால்?
*வாசகர், மடுகரை*

கூடவே கூடாது. கிலோமீட்டர் அலவன்ஸும் பொறுப்பும் பதிவில் உள்ள பெயருக்கே போகும். ஏதாவது நடந்தால் விசாரணையும் அந்தப் பெயரைத்தான் தேடும்.

கூட்ஸ் வண்டிக்காரர்கள் எப்படி மாற்றிக்கொள்கிறார்கள்?
*வாசகர், நெட்டப்பாக்கம்*

அவர்கள் பாடுதான் கஷ்டம். எக்ஸ்பிரஸ் ஓட்டுபவருக்கு ‘லிங்க்’ என்ற டூட்டிப் பட்டியல் உண்டு. அடுத்த வாரம் எந்த வண்டி என்று தெரியும். கூட்ஸ் ஓட்டுபவருக்கு வரிசைப்படி அழைப்பு வரும். அது வரும்வரை எந்த வண்டி என்றே தெரியாது. தெரியாத டூட்டியை எதைக் கொடுத்து மாற்றுவது? அழைப்பு நேரம் ஓரளவாவது முன்னதாகத் தெரிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

2024-இல் ‘46 மணி நேரம்’ என்று போராடினார்களே, என்ன கணக்கு அது?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பாகூர்*

தினசரி ஓய்வு 16, வார ஓய்வு 30, கூட்டினால் 46. முப்பதுக்குள்ளேயே பதினாறும் அடக்கம் என்றது நிர்வாகம். தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் அந்த ஜூனில் 46 மணி நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். என் மனம் அவர்கள் பக்கம். ராத்திரி முழுக்க சிக்னல் பார்த்த கண்ணுக்கு முதல் 16 மணி நேரம் களைப்பாறத்தான் சரியாக இருக்கும். குடும்பத்துக்கு மிஞ்சுவது அடுத்த முப்பதுதான்.

மென்பொருளை மேம்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?
*ஐ.டி.ஐ. மாணவர், கரியமாணிக்கம்*

இருக்கிற ஆட்களைத்தான் மென்பொருள் வரிசைப்படுத்தும், தம்பி. இல்லாத ஆளை அதனால் அனுப்ப முடியாது. 2024-இல் உதவி லோகோ பைலட் பணியிடங்களை 5,696 என்று முதலில் அறிவித்து, பிறகு 18,799 ஆக உயர்த்தினார்கள். பற்றாக்குறைக்கு வேறு சாட்சி வேண்டாம். லாபியில் நாலு பேர் உபரியாக இருந்தால், காதுகுத்துக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நீங்களும் உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் படியுங்கள்.