பிள்ளைத்தமிழின் பதினோராம் பருவம்

1. முன்னுரை

தமிழில் பிள்ளைகளை ஆராய்ந்த முன்னோர் பெரும்பிழை ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியல் நூல்களின் கணக்குப்படி காப்புப் பருவம் 3ஆம் மாதம். பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்: செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15. பெண்பிள்ளை என்றால் அடுத்து அம்மானை, நீராடல், ஊசல். 21ஆம் மாதத்தோடு பத்துப் பருவமும் முடிந்து, புலவர் பரிசில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். என் மகளுக்குச் சென்ற வாரம் 24 மாதம் நிறைந்தது. தமிழ் இலக்கியத்தில் அவளுக்கு இடமே இல்லை.

ஏன் 21இல் நிறுத்தினார்கள்? என் துணிபு இது. அதுவரை புலவர் தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போகலாம்; செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, இங்கே வா. பிள்ளை எதிர்த்துப் பேசாது. அதற்குப் பிறகு பேசும். முத்தம் கேட்டு ஒன்பது விருத்தம் பாடி முடித்தவரிடம் பிள்ளை “வேணாம்” என்று சொல்லிவிட்டால், பத்தாவது விருத்தத்தை அவர் எந்த முகத்தோடு பாடுவார்? ஆகவே புலவர்கள் அஞ்சி ஒதுங்கிய இக்காலத்துக்கு ‘வேணாப் பருவம்’ எனப் பெயரிட்டு, பதினோராவதாகச் சேர்க்கிறேன்.

2. ஆய்வு எல்லை

ஒரு குழந்தை, ஒரு கூடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒப்பாய்வுக்கு இரண்டாவது குழந்தை தேவை என்ற என் பரிந்துரையை ஆய்வு நெறியாளர் (மனைவி) படிக்காமலே நிராகரித்தார்.

3. காலம்

பிறந்தநாள் என்று என்பதில் மூன்று கட்சிகள். மருத்துவமனைச் சீட்டுப்படி புதன். நட்சத்திரப்படி வெள்ளி (பாட்டி, வாய்மொழி, அடுப்படி, குக்கர் மூன்றாவது விசில்). சொந்தக்காரர்களுக்கு லீவு கிடைப்பது ஞாயிறு. தொல்காப்பியர் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமாக நூற்றாண்டுக் கணக்கில் இழுத்துப் பார்த்த நாடு இது. நாங்கள் இழுத்தது ஐந்தே நாள்.

4. பெயர்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றுள் மகவு, பிள்ளை ஆகியவற்றைக் குரங்கின் குட்டிக்கும் சொல்லலாம் என அந்நூல் அனுமதிக்கிறது. ஜன்னல் கம்பியில் ஏறி நின்றவளைப் பார்த்து நெறியாளர் கத்திய சொல் மரபு வழுவற்றது என்பது இதனால் பெறப்படும்.

5. முன்னாய்வுகள்

எல்லா வீட்டிலும் பிள்ளை இருந்திருக்கிறது, யாரும் குறிப்பெடுக்கவில்லை.

6. ‘வேணாம்’: சொல்லும் பொருளும்

வேண்டாம் என்பதன் மரூஉ. பொருள் நான்கு. ஒன்று, வேண்டாம் (அரிய வழக்கு). இரண்டு, வேண்டும், ஆனால் நீ ஊட்டாதே. மூன்று, வேண்டும், ஆனால் அந்தத் தட்டில் வேண்டாம், அதேபோல இருக்கும் மற்றத் தட்டில் வேண்டும். நான்கு, எந்தப் பொருளும் இன்றி அசைநிலையாய் நிற்பது. நான்காவதற்குத் தக்க சான்று முதலில் கிடைக்கவில்லை. கட்டுரையின் கடைசியில் கிடைத்தது.

7. ‘தாத்து’: பாடபேத ஆராய்ச்சி

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம்.

ஞாயிறு மாலை ஆறு மணி. கூடத்து மேசையில் கேக். அதன் நடுவே ‘2’ வடிவில் மஞ்சள் மெழுகுவர்த்தி. சுடர் அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். பதினாறு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. திரியைப் பற்றவைத்ததும் அவள் கேக்கை நோக்கி விரலை நீட்டி, “தாத்து! தாத்து!” என்று வீறிட்டு அழுதாள். இதுவே மூலபாடம். இதற்கு எழுந்த உரைகள் ஐந்து.

முதலுரை என் தந்தையுடையது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “தாத்தா என்பது விளியில் ஈறு திரிந்து தாத்து என்று நின்றது. என்னைத்தான் கூப்பிடுகிறாள்” என்று சொல்லி வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அவர் வர வர அழுகை கூடியது. அதை அவர் ‘மிகுதிப்பாடு’ என்றார்.

இரண்டாவது, பாட்டியின் உரை. “அது மாத்து. ஈரமா இருக்கு, மாத்தச் சொல்லுது.” சோதித்ததில் சான்று ஈரமாகவே கிடைத்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனார்கள், அழுகை நின்றது. பாட்டியின் பாடமே பாடம் என்று அவை ஒப்புக்கொண்டது. ஜட்டி மாற்றித் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி பற்றவைத்தோம். மறுபடி “தாத்து!”

மூன்றாவது நெறியாளருடையது. “நாள் பூரா அவகிட்ட ‘பாத்து, பாத்து’ன்னுதானே சொல்றோம்? நெருப்பைப் பாத்துட்டு நமக்கே திருப்பிச் சொல்றா.” நுட்பமான உரைதான். ஆனால் கீழ்வீட்டு அக்கா இதை மறுத்தார்: சென்ற மாதம் இதே பிள்ளை இதே சொல்லைத் தம்மிடம் சொன்னபோது அங்கே நெருப்பே இல்லை (கீழ்வீட்டு அக்கா, படிக்கட்டுச் சொற்பொழிவு, மூன்றாம் படி, கையில் கீரைக்கட்டுடன் நின்றபடி நிகழ்த்தியது, கீரை வாடியதால் இடையில் நின்றுபோனது).

நான்காவது, வெளியூர் அத்தையின் கொள்கை. அத்தை என்பது அத்து என்றாகி, முன்னே தகர மெய் தோன்றல் விகாரமாய் வந்து சேர்ந்ததாம் (அத்தை, வீடியோ அழைப்பு, முதற்பதிப்பு, நெற்றியும் சீலிங்கும் மட்டும்; இரண்டாம் பதிப்பு, சிக்னல் வந்தபின், மூக்குவரை; மூன்றாம் பதிப்பு, மாமா தோளுக்குப் பின்னாலிருந்து எழுதிய மறுப்புரையுடன்). தகரம் எங்கிருந்து வந்தது என்று என் தந்தை கேட்டார். “உங்க தாத்தாவுக்கு ஈறு எப்படித் திரிஞ்சுதோ அப்படித்தான் வந்துச்சு” என்றார் அத்தை. இவ்விவாதம் சில நிமிடம் நடந்தது. இரு உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்த நேரம் முழுதும், மூலநூலாசிரியர் மேசைக்கடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மூலத்தைப் புரட்டாமல் உரைக்கு உரை எழுதும் நம் புலமை மரபில் இது புதிதல்ல.

ஐந்தாவது உரை என்னுடையது. ஆகவே சரியானது. “அது காத்து. பிள்ளைக்கு வேர்க்கிறது” என்று சொல்லி மின்விசிறியைப் போட்டேன். சுடர் அணைந்தது. அழுகை சட்டென்று நின்றது. அவை கைதட்டியது. என் பாடம் நிலைநாட்டப்பட்டது. பற்றவைக்காத மெழுகுவர்த்தியோடு கேக்கை வெட்டினோம். எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

8. மறுப்பு

இரவு ஒன்பது மணிக்குக் குளியலறையில் அவள் முடியிலிருந்த கிரீமைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீராடற் பருவம், சில மாதம் தாமதம். அவள் ஒரு கையைத் திறக்கவே இல்லை. காது கழுவும்போதும் மூடியபடியே இருந்தது. பிறகு அவளாகவே திறந்து, உள்ளே இருந்த மஞ்சள் மெழுகுவர்த்தியை வாளித் தண்ணீரில் மெல்ல விட்டாள். தலைப்பக்கம் கொஞ்சம் உருகிக் கருகியிருந்தது. வளைந்த கழுத்து, தட்டையான அடி. அது மிதந்தது.

“தாத்து” என்றாள், குரலைத் தாழ்த்தி.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “தாத்துவா?” என்றேன். முகம் சுருங்கியது. “இல்ல. தாத்து!” என்றாள். “சரி, தாத்து” என்றேன். தண்ணீரை ஓங்கி அடித்தாள். கடைசியில் “வாத்தா?” என்று கேட்டதும்தான், “ம்ம்” என்று பெருமூச்சு விட்டாள், மந்த மாணவனுக்கு ஒருவழியாகப் பாடம் ஏறியதைக் கண்ட ஆசிரியை மாதிரி. பதினாறு பேர் சுற்றி நின்று கைதட்டி, ஒரு வாத்தின் தலையில் இரண்டு முறை தீ வைத்திருக்கிறோம்.

என் உரையின் முடிவு சரி, காரணம் தப்பு. இந்த அடித்தளத்தின் மேல் முனைவர் பட்டங்களே நிற்கின்றன என்பதால் நான் அதிகம் வருந்தவில்லை. வருத்தம் வேறு. பிள்ளை தான் தப்பாகச் சொன்னாலும் பிறர் அப்படிச் சொன்னால் ஏற்காது என்பதைக் கண்டுபிடித்தவன் நான் என்று மூன்று நாள் மகிழ்ந்திருந்தேன். அதை 1960லேயே ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் எழுதிவிட்டார்கள். பிளாஸ்டிக் மீனை ‘ஃபிஸ்’ என்ற ஒரு பிள்ளை, பெரியவர்கள் ‘ஃபிஸ்’ என்றபோது மறுத்து, ‘ஃபிஷ்’ என்ற பிறகே ஒப்புக்கொண்டதாம். இக்கட்டுரையில் குக்கர் விசில் கேட்காத ஒரே மேற்கோள் இதுதான்.

9. முடிவுரை

மறுநாள் காலை என் தந்தையிடம் சான்றை ஒப்படைத்தேன். மெழுகுவர்த்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாத்துதான். ஒத்துக்கிறேன். ஆனா வாத்துக்கு ஆபத்துன்னதும் அவ யாரைக் கூப்பிட்டா? அதைச் சொல்லு” என்றார். உரையாசிரியர் மரபு அழியவில்லை.

அப்போது அவள் கூடத்துக்குள் வந்தாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். வருகைப் பருவம். “வா, இங்க வா.”

“வேணாம்” என்று சொல்லிக்கொண்டே வந்து, அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.