குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே: ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

அனுப்புநர்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ரயில் பயணிகள்.
பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், தெற்கு ரயில்வே, சென்னை.
பொருள்: நெடுந்தூர ரயில் பெட்டிகளின் குழாய், தொட்டி, கழிவறைப் பராமரிப்பு – நிர்வாகத்தின் சாதனைகளைப் பாராட்டுதல் – தொடர்பாக.
பார்வை: ஓகில் சந்திர சென் என்பார் சாகிப்கஞ்ச் கோட்ட ரயில்வே அலுவலகத்துக்கு 1909ஆம் ஆண்டு எழுதிய கடிதம்.

மேன்மைமிகு நிர்வாகத்தின் சமூகத்திற்கு,

கப்பல் அறைகளை ஒத்த ரயில் பெட்டிகளின் குழாய்ப் பழுதுகளைப் பற்றி எழுதக் கடற்கரை மாவட்டங்களுக்கே தகுதி உண்டு என்று நிர்வாகம் கருதுமாயின், பெரம்பலூரும் அரியலூரும் தம் தகுதியை முதலில் மெய்ப்பித்தாக வேண்டும். நிலவியலார் கிரிட்டேசியஸ் என்று வழங்கும், ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், இப்பகுதியின் மீது கடல் பலமுறை ஏறியும் வடிந்தும் இருந்தது என்பதற்குக் காரை என்னும் ஊரின் களிமண் ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிமங்கள், ஒரு சான்று. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த, அக்கடலடியில் புதைந்து கல்லாகிப்போன 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர்க் கல்மரம் மற்றொன்று. பதினோராம் நூற்றாண்டில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரமும் இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடல் எவரிடமும் விண்ணப்பிக்காமல் விலகிவிட்டது; அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொண்டன; மன்னனும் கப்பல்களும் கல்வெட்டுக்குள் போய்விட, இம்மக்களுக்குக் கப்பலென்று எஞ்சியது இரவு நேர எக்ஸ்பிரஸ் ஒன்றே.

இது வெறும் உருவகம் அன்று. தொட்டியில் அடைத்து எடுத்துச்செல்லும் தண்ணீர், நினைத்த இடத்தில் இறங்க முடியாத பயணிகள், நகர்ந்துகொண்டே இருக்கும் படுக்கைகள், பழுதென்றால் அடுத்த துறை வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஆகிய நான்கும் சுற்றுலாக் கப்பலுக்கும் ரயிலின் படுக்கைப் பெட்டிக்கும் பொது. வேறுபாடு விளைவுகளில் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் என்னும் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்து மின்சாரம் நின்றபோது, காற்றை உறிஞ்சும் விசையால் இயங்கும் அதன் கழிவறைகள் செயலிழந்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் கடலில் தத்தளித்தனர்; உலகத் தொலைக்காட்சிகள் அதை ஒரு பேரிடராகவே காட்டின; நிறுவனம் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. அந்நிலையை எய்த அக்கப்பலுக்கு ஒரு தீவிபத்து தேவைப்பட்டது என்பதையும், தெற்கு ரயில்வேயின் பெட்டிகளுக்கு அத்தகைய அசாதாரண நிகழ்ச்சி எதுவும் தேவைப்படுவதில்லை என்பதையும் இம்மாவட்டங்களின் மக்கள் பெருமிதத்துடன் பதிவு செய்கின்றனர்.

பார்வையில் கண்ட கடிதத்தை நிர்வாகம் அறியும். புதுதில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பலாப்பழம் மிகுதியாக உண்டு வயிறு உப்பிய ஓகில் சந்திர சென், பெட்டியில் கழிவறை இல்லாத அக்காலத்தில் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியபோது கார்டு ஊதலை ஊதிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து, கூடியிருந்தோர் அனைவருக்கும் காட்சிப்பொருளானார். கார்டுக்குப் பெருந்தொகை அபராதம் விதிக்காவிட்டால் செய்தியைப் பத்திரிகைகளுக்குத் தருவதாகவும் அவர் எச்சரித்தார். கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிவறை வந்தது அக்கடிதத்தால்தான் என்பது இன்றளவும் வழங்கிவரும் செய்தி. அவர் எழுப்பிய அடிப்படைச் சிக்கல், அதாவது இரண்டு கைகள் மட்டுமே உள்ள ஒரு மனிதன் ஒரே நேரத்தில் எத்தனை பொருள்களைப் பிடித்திருக்க முடியும் என்பது, நூறாண்டுக்குப் பின்னும் தீரவில்லை. நிர்வாகம் அதைப் பெட்டிக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்திருக்கிறது.

சான்றாக, கை கழுவும் தொட்டிக்கு மேலுள்ள அழுத்துக் குழாயைக் கூறலாம். அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் தண்ணீர் விட்டு, கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் இக்கருவியின் நோக்கம் சிக்கனம் என்பதில் ஐயமில்லை. எண்பது படுக்கைகள் கொண்ட பெட்டியில் ஒருவர் குழாயை மூட மறந்தாலும் விடிவதற்குள் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும். ஆயினும் ஒரு கை குழாயை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் கழுவப்படுவது மறு கை மட்டுமே. ஒரு கையை மறு கையால் தேய்ப்பதே கை கழுவுதல் என்று மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த கருத்தை இவ்வாறு திருத்தியமைத்த நிர்வாகம், அப்பணியைக் கழிவறைக்குள்ளும் தொடர்கிறது. அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்ட எவர்சில்வர் குவளை ஒன்று தொங்குகிறது. குவளையைக் களவிலிருந்து காப்பது சங்கிலியின் முதற்கடமை. குவளையைப் பயன்பாட்டிலிருந்தும் காப்பது அதன் இரண்டாம் கடமை என்று கொள்ளும் அளவுக்கு அதன் நீளம் அமைந்திருக்கிறது. சங்கிலி எட்டும் இடத்தில் மனிதன் இருப்பதில்லை. மனிதன் இருக்கும் இடத்துக்குச் சங்கிலி எட்டுவதில்லை. இந்த இடைவெளியை அளந்த அறிஞர் யாரென்று தெரிந்தால் அவருக்கு அரியலூரில் சிமெண்டால் ஒரு சிலை வைக்க இம்மக்கள் ஆயத்தமாக உள்ளனர், மூலப்பொருளுக்குக் குறைவில்லை.

குழாயில் தண்ணீர் வராமைக்கு வருவோம். எல்.எச்.பி. எனப்படும் இக்காலப் பெட்டிகளில் தண்ணீர்த் தொட்டிகள் பெட்டியின் அடியில் பொருத்தப்பட்டுள்ளன. அங்கிருந்து மின்மோட்டார் தண்ணீரை மேலேற்றிக் கூரையருகிலுள்ள சிறு தொட்டியில் விட, அதிலிருந்து குழாய்களுக்கு இறங்குகிறது. ஆகவே தண்ணீர் வராமைக்கு அடித்தொட்டி வற்றியது ஒரு காரணம்; மோட்டார் ஓடாமை, வழியில் காற்று அடைத்துக்கொள்ளுதல், வால்வு திறக்காமை, குழாயின் வாயில் உப்புப் படிதல் ஆகியவை வேறு காரணங்கள். பயணிக்குத் தெரிவது குழாயின் வாய் மட்டும். நிர்வாகத்துக்குத் தெரிவது தொட்டி மட்டும். ‘தண்ணீர் இல்லை’ என்ற புகார் எழுந்தவுடன், அடுத்த பெரிய நிலையத்தில் தொட்டியை நிரப்ப ஆணை பிறக்கிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் தொட்டி மேலும் நிறைந்து தண்டவாளத்தில் வழிகிறது. புகார் தீர்ந்ததாகப் பதிவாகிறது. குழாய் வறண்டபடியே இருக்கிறது. தொட்டிக்கும் குழாயின் வாய்க்கும் நடுவிலுள்ள ஓரிரு மீட்டர் குழாய்தான் இக்கடிதத்தின் உண்மையான பொருள். அதைத் திறந்து பார்க்கும் ஸ்பேனர் பராமரிப்புப் பணிமனையின் பிட்லைனில், அதாவது பெட்டியின் அடியில் ஆள் நின்று பழுது பார்க்கும் குழித்தடத்தில், இருக்கிறது. ஓடும் ரயிலில் இருப்பவரோ துடைப்பமும் வாசனைத் தெளிப்பானும் மட்டும் தரப்பட்ட ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். எண்பது பேரின் கோபத்தை வாங்கிக்கொள்வதும் அவருடைய ஊதியத்துக்குள் அடங்கிய பணியே போலும்.

உயிரிக் கழிவறையைக் குறிப்பிடாமல் இருப்பது நன்றிகெட்டதனம். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம், பனிமலைகளில் பணியாற்றும் படைவீரர்களுக்காக உருவாக்கிய இம்முறையில், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் பெட்டிக்கு அடியிலுள்ள கலத்தில் இருந்துகொண்டு மலத்தை நீராகவும் வாயுவாகவும் சிதைக்கின்றன. இக்கூட்டத்தில் அண்டார்க்டிகாவிலிருந்து திரட்டப்பட்டவையும் உண்டு. 2016 ஜூலையில் மானாமதுரை – ராமேஸ்வரம் இடையிலான 114 கி.மீ. பாதை, தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பசுமைத் தடமாக அறிவிக்கப்பட்டதும் இம்முறையால்தான். அது மெய்யான சாதனை, அதில் பகடிக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை மட்டும், ஏறத்தாழ 25,000 உயிரிக் கழிவறைகளில் ஓராண்டுக்குள் இரண்டு லட்சத்தை நெருங்கும் குறைபாடுகளை எண்ணிக் காட்டியது. அவற்றுள் அடைப்பே தலையாயது. அண்டார்க்டிகாவின் குளிரைத் தாங்கிய உயிரினம் குட்கா உறைக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் குழந்தைகளின் டயப்பருக்கும் தோற்றது. இதில் பயணிகளின் பங்கு பெரிது என்பதை இவ்விண்ணப்பம் மறைக்க விரும்பவில்லை. குப்பைக் கூடையைத் தேடிப் போனவர்களுள் சிலர், விழுப்புரத்துக்கு முன்பே அது நிரம்பி வழிந்ததைக் கண்டு திரும்பியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

புகார் முறையின் வளர்ச்சியோ வியப்பூட்டுவது. ஓகில் சந்திர சென்னுக்குத் தாளும் மையும் அஞ்சலும் வேண்டியிருந்தன. இன்றைய பயணிக்கு 139 என்ற எண்ணோ ‘ரயில் மதத்’ செயலியோ போதும். அரியலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 70 கி.மீ.; இத்தொலைவைக் கடப்பதற்குள் ஒரு பயணி பி.என்.ஆர். எண்ணைத் தந்து, பெட்டியைக் குறித்து, வறண்ட குழாயைப் படமெடுத்து அனுப்பி, புகார் பெறப்பட்டதற்கு நன்றியும், அது முடித்துவைக்கப்பட்டதற்கு மற்றொரு நன்றியும், சேவை எப்படி இருந்தது என்று மதிப்பிடக் கோரும் வேண்டுகோளும் பெற்றுவிட இயலும். தண்ணீரைத் தவிர மற்றனைத்தும் தங்குதடையின்றி ஓடுகின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையின்படி, 2022-23இல் மட்டும் கழிவறையிலும் கை கழுவும் தொட்டியிலும் தண்ணீர் இல்லையென்று நாடு முழுவதிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குறித்த காலத்துக்குள் தீர்க்கப்படவில்லை. எஞ்சிய இரு பங்கு தீர்ந்தன என்பதைப் பழுது சரியாயிற்று என்று பொருள்கொள்வதா, பயணி இறங்கிவிட்டார் என்று பொருள்கொள்வதா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

இவ்விடத்தில் பழைய செய்தியொன்றை நிர்வாகத்துக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. 1956 நவம்பர் 23 அதிகாலையில், பெருவெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் சிதைந்திருக்க, அரியலூருக்கு அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மெகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பின் பதவி விலக முன்வந்து தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். பாலத்தை அவர் கட்டவுமில்லை, மழையை அவர் வரவழைக்கவுமில்லை. எனினும் தண்ணீர் வரக்கூடாத இடத்தில் வந்ததற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் கருதினார். தண்ணீர் வர வேண்டிய இடத்தில் வராமைக்கு அமைச்சரின் விலகலை எவரும் கேட்கவில்லை. பிட்லைன் பொறுப்பாளர் ஒருவர் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்பதே கோரிக்கை. பெட்டி புறப்படும் கோட்டம் ஒன்று, பழுது தெரியவரும் கோட்டம் மற்றொன்று, பயணி இறங்கும் கோட்டம் வேறொன்று என்றிருக்கையில், பொறுப்பும் பெட்டியோடு சேர்ந்து மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் நகர்ந்துவிடுகிறது.

பெரம்பலூரின் நிலை சற்றே மேலானது. 1995இல் மாவட்டத் தலைநகரான அவ்வூருக்கு ரயில் பாதையே இல்லாமையால், அங்கே ரயில் குழாய் எதுவும் இன்றுவரை பழுதுபட்டதில்லை. பராமரிப்பின் உச்சநிலை இதுவே என்று நிர்வாகம் கருதினால் மறுப்பதற்கில்லை. அவ்வூரார் சுமார் 30 கி.மீ. பேருந்தில் வந்து அரியலூரில் ரயிலேறித்தான் பழுதுபட்ட குழாயைக் காணும் வாய்ப்பைப் பெற வேண்டியிருக்கிறது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்து, அடுத்த ஆண்டே சேர்த்து, 2007இல் மீண்டும் பிரித்த அரசாங்கங்களால்கூட இவ்விரு ஊர்களையும் ஒரு தண்டவாளத்தால் இணைக்க இயலவில்லை. நெடுநாள் கோரிக்கையான அப்பாதை என்றேனும் அமையுமாயின், அதில் ஓடும் பெட்டிகளின் குழாய்களையும் சங்கிலிகளையும் பொருத்துவதற்கு முன் சராசரி உயரமுள்ள ஒருவரை உள்ளே உட்காரவைத்து அளந்து பார்க்கலாம். அதுவரை, ஓடும் பெட்டிகளில் ஒவ்வொரு புகாரையும் அதைப் பதிந்த பயணியே ‘தண்ணீர் வருகிறது’ என்று உறுதிசெய்த பின்னரே முடித்துவைத்தல், நெடுந்தூர ரயில் ஒவ்வொன்றிலும் ஸ்பேனரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் பயணம் செய்தல், குவளைச் சங்கிலியில் இன்னும் சில கண்ணிகள் சேர்த்தல் ஆகியவற்றை நிர்வாகம் பரிசீலிக்கலாம். கடைசியில் கண்டதற்கு நிதி ஒதுக்கீடு இல்லையெனில் கண்ணிகளை இம்மாவட்டங்களின் பட்டறைகளிலேயே வடித்துத் தர ஏற்பாடு செய்யப்படும்.

இப்படிக்கு,
கடலடியில் கிடந்த அனுபவமுள்ள இரு மாவட்டங்களின் பயணிகள்.

நகல் 1: தேசிய ரயில் அருங்காட்சியகம், புதுதில்லி, ஓகில் சந்திர சென்னின் கடிதத்துக்குப் பக்கத்தில் இடமிருப்பின் மாட்டிவைக்கும் பொருட்டு.
நகல் 2: தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள பகுதிக்குப் பொறுப்பான அலுவலர், அவர் எந்தக் கோட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிர்வாகம் தெரிவித்தபின் அனுப்பப்படும்.