பெட்ரோல் எங்கவே கிடைக்கு?

2016-இல் வந்த ‘டிரெயின் டு புசான்’ கொரியாவில் மட்டும் ஒரு கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்ற படம். ரயிலுக்குள் வைரஸ், கடிபட்டவன் ஜாம்பி. முடிவில் நாயகனின் மகள் அழுவாள், நாமும் அழுவோம். அதே இயக்குநர் இயோன் சாங்-ஹோ 2020 ஜூலையில் ‘பெனின்சுலா’ என்று இரண்டாம் பாகத்தை இறக்கினார். உலகமே முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த நேரம். முதல் பாகத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. அதற்குக் கொரோனாமேல் பழி போடலாம். பயத்தைக் குறைத்துக் கார்களை விரட்டியதற்கு யார்மேல் போடுவது?

சங்கரன்கோவிலில் எந்த நோய்க்கும் முதல் மருந்து கோமதியம்மன் கோயில் புற்றுமண். அந்த ஆண்டு அதற்கும் வழியில்லை, பக்தர்களுக்கு நடை அடைப்பு. பிற்பாடு செல்போனில் ‘பெனின்சுலா’ பார்த்த அவ்வூர் விசைத்தறிக்கார அண்ணாச்சி பாதியில் நிறுத்திவிட்டார். “ஏம்வே, நாலு வருசமா ஊரே வைரஸ்ல செத்துக் கெடக்கு, இவனுவளுக்குப் பெட்ரோல் எங்கவே கிடைக்கு? ரெண்டு மாச ஊரடங்குக்கே என் பைக்கு ஸ்டார்ட் ஆகலியே!”

ஒரு லாரி டாலருக்காக ஆட்கள் அந்தச் சுடுகாட்டுக்கே திரும்பிப் போவதுதான் கதை என்றேன். “அதை மட்டும் நம்புதேன்” என்றார்.

தமிழ் ஜாம்பிகள் கெட்டிக்காரர்கள். அதே 2016-இல் ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ ஊட்டியில் கடித்துக் குதறிவிட்டு, கடைசிக் காட்சியில் இரண்டாம் பாகத்துக்குத் துண்டு போட்டு இடமும் பிடித்தது. படம் வந்தபாடில்லை. ஆகவே அதை மட்டும் இன்னும் யாரும் திட்டவில்லை.