64 நிறமும் ஒரு திருகாணியும்

காரின் ஹெட்லைட் எப்படி என்பதைப் பகல் பதினொரு மணிக்கு, தலைக்கு மேலே வரிசையாக விளக்கெரியும் ஷோரூமில் வைத்துத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். டை கட்டிய பையன் சாவியை அமுக்குவான். வண்டியின் முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடி நிற்கும். "வெல்கம் லைட் சார்!" என்பான். என் வீட்டில் எனக்கே கிடைக்காத வரவேற்பு. பிறகு கதவைத் திறந்து, உள்ளே ஓரமாக ஓடும் ஒளிக்கோட்டைக் காட்டி, "64 கலர் சார், உங்க மூடுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்" என்பான். மாதத் தவணையை நினைக்கும்போது குடும்பஸ்தனுக்கு வரும் மூடு ஒன்றே ஒன்றுதான். அதற்கு எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை. "ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து ஓட்டிப் பாக்கலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏழரைக்கு மூடிருவோம் சார்."

இருட்டுக்கென்றே செய்த சாமானைப் பட்டப்பகலில் பார்த்து வாங்குவது நம்மூர்க் கூத்து மட்டுமில்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2016இல்தான் ஹெட்லைட்டுக்கு மார்க் போட ஆரம்பித்தது. கும்மிருட்டில் நேர்ப்பாதை, வளைவு என்று ஓட்டி அளந்தார்கள். அந்த வருடம் பார்த்த 21 சிறிய எஸ்யூவிகளில் 'நன்று' வாங்கிய வண்டி ஒன்றுகூட இல்லை. விலை கூடினால் வெளிச்சம் கூடும் என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று. சில வண்டிகளில் பல்பில் ஒரு குறையும் கிடையாது. அதைத் திருப்பி வைத்திருந்த கோணம்தான் கோணல்.

கோணம் என்றால் என்னவென்று தெரிய அமெரிக்கா போக வேண்டாம். கோவில்பட்டியில் அம்மா வீட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பினால் போதும். போகும்போது காலியாகப் போகிற டிக்கியில் திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, தேங்காய், கருப்பட்டி, ஊறுகாய் ஜாடி, கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள், "இருக்கட்டும்" என்று கடைசி நிமிடத்தில் தூக்கி வைக்கும் இன்னும் ஏதோ ஒன்று. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்கு எழும்பிவிடும். விளக்கு ஒரே ஒரு டிகிரி உயர்ந்தால் ஐம்பது மீட்டர் தள்ளி வெளிச்சம் 87 சென்டிமீட்டர் மேலே போகும். அதாவது எதிரே வருகிறவனின் பம்பரில் விழ வேண்டியது அவன் முகத்தில் விழும். விருதுநகர் தாண்டும்வரை வேப்பமர உச்சிகளும் ஜவுளிக்கடை விளம்பரப் பலகைகளும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. ரோடு மட்டும்தான் தெரியவில்லை.

இதற்கென்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முட்டிக்கு நேரே, 0, 1, 2, 3 என்று எழுதிய சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது. பூஜ்யத்தில் விளக்கு மேலே பார்க்கும், மூன்றில் தலையைக் குனிந்துகொள்ளும். சில வண்டிகளில் அது தானாகவே நடக்கும். என்னுடையதில் நான்தான் திருக வேண்டும். பின்சீட்டில் எத்தனை பேர், டிக்கியில் எவ்வளவு பாரம் என்றால் எந்த எண் என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. உறவுமுறை சொல்லிப் போடவில்லை. அந்த மட்டில் குடும்பம் பிழைத்தது.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. டிம்மில் ஓட்டினால் ஐம்பது, அறுபது மீட்டர்தான் தெரியும். கறுப்பு எருமை ஒன்று அதற்குள் நின்றால், அதைப் பார்த்து, எருமைதான் என்று முடிவுக்கு வந்து, பிரேக்கை மிதித்து நிறுத்த, கையில் இரண்டரை நொடி இருக்கிறது. மாட்டின் கண் விளக்குக்குப் பளிச்சென்று மின்னும். விழிக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் அதற்கு உண்டு. ஆனால் ரோட்டில் நிற்கும் எருமை நம்மைத் திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரமில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கரும்பு டிராக்டர்களும் அதே கொள்கைதான். பின்னால் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதன் மேல் கரும்புத் தோகை தொங்கும்.

அதனால் எல்லோரும் பிரைட்டில் வருகிறார்கள். நான்குவழிச் சாலையில் நடுவே அரளி இருக்கிறது. மாடு மேயாது, தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும், எதிர்வண்டியின் வெளிச்சத்தையும் மறைக்கும் என்று மூன்றையும் யோசித்து நட்ட செடி. நெடுஞ்சாலைத் துறையில் யாரோ ஒருவர் ராத்திரியில் கார் ஓட்டியிருக்கிறார், வாழ்க. ஊருக்குப் பிரியும் இருவழிச் சாலையில் அந்தப் புண்ணியமும் கிடையாது. எதிரே வருகிறவன் டிம் பண்ணட்டும் என்று நானும், நான் பண்ணட்டும் என்று அவனும் கடைசிவரை காத்திருப்போம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் டிம் பண்ணி, ஒரே நேரத்தில் "அவன் பண்ணலையே" என்று மறுபடி பிரைட்டுக்குப் போவோம்.

இந்தப் போரில் ஆயுத வியாபாரி என் மைத்துனன். தன் பழைய ஜீப்பில் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, வாங்கி வந்த எல்இடி பல்பை மாட்டியிருக்கிறான். "பகல் மாதிரி இருக்கு அத்தான்!" பகல் மாதிரிதான் இருக்கிறது, அவன் பம்பரிலிருந்து பத்தடி வரைக்கும். ஹாலஜன் பல்பில் வெளிச்சம் சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பியிலிருந்து வருகிறது. பின்னாலிருக்கும் கிண்ணத்தின் வளைவு முழுக்க அந்தக் கம்பி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு வார்த்தது. அங்கே எல்இடியைச் செருகினால் கணக்குத் தப்பி, வெளிச்சம் கண்ட இடத்துக்கெல்லாம் போகும். பாதி, எதிரே வருகிறவன் கண்ணுக்கு. முன்பெல்லாம் ஹெட்லைட்டின் நடுவில் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். போக்குவரத்துப் போலீசாரே நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். மைத்துனனின் ஜீப்புக்கு வட்டம் போதாது, முழுசாக ஒட்ட வேண்டும். பிரான்ஸில் 1993 வரை காருக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் போட வேண்டும் என்று சட்டமே இருந்தது. கண் அவ்வளவு கூசாது என்று நம்பினார்கள். சொன்னேன். "ஓல்டு ஃபேஷன் அத்தான்" என்றான்.

வெளியே இவ்வளவு என்றால் உள்ளே தனி ராஜ்யம். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடமாகும். கெடுக்க ஒரு நொடி போதும். அம்மாவைச் சென்னையிலிருந்து திரும்ப ஊரில் கொண்டுபோய் விடும் ராத்திரியில், திண்டிவனத்தில் பழக ஆரம்பித்த கண் விக்கிரவாண்டி நெருங்கும்போது சுமாராகத் தேறியிருக்கும். அப்போது பின்சீட்டிலிருந்து, "ஏப்பா, லைட்டப் போடு, இட்லி எங்க இருக்குன்னு தெரியல" என்று அம்மாவின் குரல் வரும். போட்டதும் முன்கண்ணாடி கண்ணாடியாகவே மாறிவிடும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அம்மாவின் கையும் நடுரோட்டில், லாரிக்கு முன்னால் மிதந்து வரும். லாரி எது, இட்லி எது என்று பிரித்துப் பார்த்து ஓட்ட வேண்டும். உள்ளே லைட் போட்டு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று ஒருமுறை சும்மா மிரட்டிப் பார்த்தேன். செக்போஸ்ட்டில் போலீஸ்காரரே குனிந்து, "உள்ள லைட்டப் போடுங்க சார்" என்று சொல்ல, அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாப் பாரு தம்பி, குடும்பம்தான். இட்லி திங்கிறியா?"

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. இருபது வயதில் கண்ணின் பின்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில், அறுபது வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அம்மாவுக்கு 76. என் மகளுக்கு 20. இருட்டில் ஊசி கோக்கிற கண். ஆனால் முன்சீட்டில், டேஷ்போர்டில் இருக்கும் அந்தப் பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்காருவது அவள்தான். 64 நிறமும் அவள் கையில்.

அந்த 64இன் யோக்கியதை துவரங்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடை வாசலில் தெரிந்தது. அம்மா காதைத் தடவிப் பார்த்து, "ஐயோ, திருகாணி" என்றாள். தோடு இருக்கிறது, திருகாணியைக் காணோம். அரிசி மணி அளவுக்கு இருக்கும் அந்தத் தங்கம், சீட்டுக்கடியில் கறுப்புக் கார்பெட்டில் எங்கோ கிடக்கிறது. கூரை விளக்குகள் அத்தனையும் போட்டாயிற்று. குனிந்தால் என் தலையின் நிழல்தான் கீழே விழுகிறது. நான் விலகினால் மனைவியின் தலை. "என்னங்க, தள்ளுங்க." "நீ தள்ளு." கதவோர ஒளிக்கோடு கதவுக்கு மட்டும் அழகு செய்துகொண்டிருந்தது, ஒரு ஜாண் கீழே அது இறங்கவில்லை. மகள் உதவிக்கு வந்தாள். பச்சை வைத்தாள், ரோஸ் வைத்தாள், நீலம் வைத்தாள். நீல வெளிச்சத்தில் தங்கம் கறுப்பாகத் தெரியும், அதை மாத்து என்று கத்தினேன். "ஃபிசிக்ஸ் கிளாஸ் அப்புறம் எடுங்கப்பா" என்றாள். இத்தனை லட்சம் வாங்கிய கம்பெனிக்காரன் சீட்டுக்கடியில் ஒரு பொட்டு விளக்கு வைக்கக்கூடாதா? விளம்பரப் படத்தில் சீட்டுக்கடி தெரியாது, அதனால் வைக்கவில்லை.

டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து வந்தார். "எல்லா லைட்டையும் அமத்துங்க சார்" என்றார். அமர்த்தினேன். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் கார்பெட்டோடு படுக்க வைத்து, மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்தினார். தரையில் கிடந்ததெல்லாம் நீள நீளமாக நிழல் விட்டன. முறுக்குத் துண்டு, ஒரு ரூபாய் காசு, மகள் தொலைத்துவிட்டுப் புதிதாக வாங்கிய இயர்போனின் பழைய ஜோடி, பிறகு திருகாணி. அம்மா அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தடவியே போட்டுக்கொண்டாள்.

நன்றி சொல்லிக் கிளம்பப் போனால் டீக்கடைக்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தக் கலர் லைட்ட இன்னொருக்கப் போடச் சொல்லுங்க சார் பாப்பாவ. பையன் பாக்கல." மகள் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள். முப்பதைத் தாண்டியபோது அம்மா பின்னாலிருந்து, "நிறுத்து, நிறுத்து, அந்தக் கத்திரிப்பூக் கலரு. அதையே வையி, வீடு வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். "அது கண்ணாடியில அடிக்கும்மா, ரோடு தெரியாது" என்றேன். "டார்ச் லைட்டு என்ன வெலைன்னு கேட்டு ஒண்ணு வாங்கிக்க" என்றாள்.