முகத்தைக் கடைசியில் பார்க்க வேண்டிய வண்டி

1947 ஏப்ரலில் பென் பொன் என்ற டச்சுக் கார் வியாபாரி தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டியை வரைந்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் இன்ஜின், நடுவில் சரக்கு. ஃபோக்ஸ்வாகன் அந்தப் பெட்டியை 1950-ல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இரண்டு உருண்டை விளக்கு, நடுவே வி வடிவ மடிப்பு, அதன்மேல் வட்டச் சின்னம் என்று, மூட்டை ஏற்றப் பிறந்த வண்டிக்குச் சிரித்த முகம் வாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் பட்ட அத்தனை நஷ்டத்துக்கும் அந்த முகம்தான் பொறுப்பு.

அந்த வண்டியைப் படுக்கை, அடுப்பு, அலமாரியோடு வீடாக்கும் வேலையை ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் டெவன், டான்பரி, டோர்மொபைல் ஆகியவை பின்தொடர்ந்தன. 1967 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும். பிரிட்டன்காரர்கள் அதை 'ஸ்ப்ளிட்டி' என்று கொஞ்சுவார்கள். அடுத்து வந்தது ஒரே வளைந்த கண்ணாடி கொண்ட 'பே'. ஜெர்மனியில் 1979-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பிரேசில் மட்டும் 2013 வரை விடாமல் செய்துகொண்டிருந்தது. 2017-ல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 21 ஜன்னல் வைத்த ஸ்ப்ளிட்டி 3 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. அந்தச் செய்தி பரவியதுதான் தாமதம், கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டிக்கும் சொந்தக்காரர் யோசித்து விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

விற்பவர் வண்டியை எப்போதும் வாசலைப் பார்த்தே நிறுத்தியிருப்பார். வாங்க வந்தவர் கேட்டைத் திறக்கும்போதே அது சிரிக்கும். இவரும் பதிலுக்குச் சிரிப்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்தது. மீதிப் பாதியில் திரைச்சீலை என்ன நிறம் என்பதை இவர் மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருப்பார். அதனால் கூடவே இந்த வண்டியைக் கண்டாலே பிடிக்காத ஒருவரை அழைத்துப் போவது நல்லது. மைத்துனர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள்.

அந்த மைத்துனர் முதலில் செய்ய வேண்டியது, கோணியை விரித்து டார்ச் லைட்டோடு கீழே படுப்பது. அடியில் புத்தம்புதிய கருப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால் விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்வார். வாங்குபவர் கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். தாருக்குள் இருப்பது தகடா துருவா என்று தாருக்குத்தான் தெரியும். அடுத்து, துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம். சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டை, முன்கண்ணாடியின் ரப்பரைச் சுற்றியுள்ள ஓரம், கூரையைச் சுற்றி மழைநீர் வடியும் ஓடை என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் தகடு. நழுவி விழுந்தால் உள்ளே இருப்பது பட்டி. சில வண்டிகளில் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஜன்னல்கள் மட்டுமே.

இன்ஜின் அறையின் மூலையில் பேட்டரி உட்காரும் தட்டையும் தடவிப் பார்க்க வேண்டும். ஐம்பது வருஷம் ஆசிட் சொட்டிய இடம் அது, அப்பளம்போல நொறுங்கும். எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஜாக்கி. அதற்கென்று வண்டியிலேயே கொடுத்திருக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்து உயர்த்தச் சொன்னால், வண்டி மேலே வர வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே நின்று ஜாக்கி மட்டும் உள்ளே ஏறிப் போனால், மைத்துனர் கோணியைச் சுருட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் எல்லோரும் இன்ஜினைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது வேடிக்கை. சில போல்ட்டுகளைக் கழற்றினால் இந்த இன்ஜின் கீழே வந்துவிடும். புதிதாக ஒன்றை வாங்கியும் மாட்டலாம். உடல் முழுக்க வெல்டிங் செய்யும் செலவோடு பார்த்தால் அது சில்லறை. ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் கீழே தெரியும் பெரிய பெல்ட் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.15 மில்லிமீட்டர், அதாவது கைக்குத் தெரியாத அளவு. 'டக் டக்' என்று கேட்டால் உள்ளே பேரிங்குகள் விடைபெற்றுவிட்டன.

ரேடியேட்டர் கிடையாது, காற்றே இதைக் குளிர்விக்கிறது. பழைய இன்ஜின்களில் ஆயில் கூலர் சரியாக 3-ம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால் சூடு தாங்காமல் வால்வு முதலில் போவது பெரும்பாலும் அங்கேதான். இன்ஜினைச் சுற்றிய தகடுகளும் ரப்பர் பட்டையும் முழுசாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால், கீழே தள்ளிய சூட்டையே இன்ஜின் மறுபடி மூச்சாக இழுக்கும். பெட்ரோல் டியூப்பை விரலால் மடக்கிப் பார்க்கும்போது வெடிப்பு தெரிந்தால் சாவியைத் தொடவே கூடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. இன்ஜின் உறையோ பெரும்பாலும் மெக்னீசியக் கலவை. பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடா எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

காகிதங்களில் ஒரு விசித்திரம் உண்டு. பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. மூப்புக்கு அரசாங்கம் காட்டும் மரியாதை! ஆனால் 2005-க்குப் பிறகு நடந்த சோதனைகளின் முடிவு அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. "ஒரு குறையும் கிடையாது" என்று விற்பவர் சொல்லும் அதே வண்டிக்கு, சோதித்தவர் எழுதிவைத்த துருப் பட்டியல் ஒரு பக்கம் ஓடும். இன்ஜின் அறையில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் பதிவுச் சான்றோடு பொருந்துகிறதா, சுற்றிலும் வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருக்கும் அடுப்பு, மெத்தை, மடக்கு மேசை எல்லாம் கடைசி. தூக்கும் கூரை தொழிற்சாலைப் பக்குவத்தில் வந்ததா, பிறகு யாரோ ரம்பத்தால் அறுத்ததா என்பது மட்டும் முக்கியம். பலப்படுத்தும் சட்டம் இல்லாமல் அறுத்திருந்தால் உடம்பே தொய்யும்.

இதையெல்லாம் தாண்டினால் ஓட்டிப் பார்க்கலாம். போகும்போதே விற்பவர், "உங்களுக்காக வண்டியைச் சூடு பண்ணி வைத்திருக்கிறேன்" என்றால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். காலைக் குளிரில் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அரைமணி ஓட்டியபின் வீட்டிலிருந்து தள்ளி ஓரிடத்தில் நிறுத்தி, அணைத்து, பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். சூடேறிய ஸ்டார்ட்டர் அசையாமல் கிடப்பது இந்த வண்டிகளின் பழைய வியாதி. அப்படி ஆகிவிட்டால் வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்துதான் தள்ளியாக வேண்டும். விற்பவருக்கு மூச்சு வாங்கும்போது விலை கேட்டால், காலையில் சொன்ன விலையைச் சொல்ல மாட்டார்.